ஒன்பதாவது பைட்

கெம்சியில் மழை நிற்பதற்கென்று ஒரு நாள் கிடையாது.
படகுத்துறைத் தராசுக்கு மேலே தகரக் கூரை,
தராசின் விலாவில் சோப்புக்கட்டி அளவில் ஒரு பலகை,
அதற்குள் என் நிரல்.
சிப்பி மூட்டை ஏறியதும்
தராசு ஒரு வரி சொல்லும்:
எடை, அரைப்புள்ளி, பெயர், வரிமுடிவு.
அதற்குத் தெரிந்த மொழி அவ்வளவுதான்.

சொல்லும் என்றேனே, சொல்வதில்லை.
சொட்டும்.
மில்லிநொடிக்கு ஓர் எழுத்தாய்
செம்புக் கம்பி வழியே இறங்கும்.
முதல் வாரம் எனக்கு அது உறைக்கவில்லை.
ஏதோ வந்திருக்கிறது என்றதும் கையை நீட்டி
வந்ததையே முழுச்சொல் என்று எடுத்துக்கொண்டேன்.
31.4 கிலோவில் 3 மட்டும் அச்சானது;
மிச்சம் அடுத்த மூட்டையின் தலையில் விடிந்தது.
"மூன்று கிலோவா? ஈரச் சாக்கே அவ்வளவு இருக்குமே"
என்றார் மேற்பார்வையாளர் ஒஸ்வால்தோ.

பிறகு காத்திருக்கக் கற்றேன்.
வந்த எழுத்தை வரிசையில் உட்காரவை.
வரிமுடிவு வரும்வரை வாயைத் திறக்காதே.
வந்தபின் கடைசியில் ஒரு சுழியம் இடு,
சொல் இங்கே முடிந்தது என்று.
சுழியம் இல்லாத சொல்லுக்கு
நிறுத்தத் தெரியாது;
பக்கத்து நினைவகத்தையும் தன் பேச்சென்று எண்ணி
குப்பையைப் படித்துக்கொண்டே போகும்.

பெயருக்கு ஒன்பது இடம் ஒதுக்கினேன்.
கணக்குப் போட்டுத்தான்:
பட்டியலில் நீளமான குடும்பப்பெயர்
முக்குளிக்கும் எரிபெர்த்தோவுடையது, ஞான்குலெஃப்.
அவர் கையெழுத்தில் எட்டு எழுத்து,
சுழியத்துக்கு ஒன்று.
மொத்தமே இரண்டு கிலோபைட் நினைவகம்,
அதில் தாராளம் காட்ட நான் யார்?

ஏப்ரல் முழுக்க எல்லாருக்கும் எடை சரி.
அவருக்கு மட்டும்
பெயர் அழகாக அச்சாகும், எடை 0.0.
தராசைத் துடைத்தேன்.
கம்பியைப் பிடுங்கிச் சொருகினேன்.
உப்புக்காற்றைத் திட்டினேன்.
ஒஸ்வால்தோ பூஜ்யத்தை அடித்து
பேனாவால் ஓர் எடை எழுதுவார்,
எப்போதும் முழு எண், எப்போதும் கீழே இறக்கி.
எரிபெர்த்தோ ஒன்றும் கேட்கவில்லை.
பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், குழாய்க்காற்றில்
பேசாமலே இருந்து பழகியவர்;
மேலே வந்தும் அப்படியே.

மே மாதத்து ஓர் இரவு
வருகிற ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சிட்டுப் பார்த்தேன்.
195.
145.
97.
இரண்டாம் எழுத்து மூன்றாவதாக நிற்கிறது.
அதற்கு முன் யார் இந்த இரண்டு பேர்?
தலையில் ஓர் அலை சுமக்கும் அந்த முதல் எழுத்து
ஒற்றை ஆளாய் வருவதில்லை.
அலைக்கும் சேர்த்து இரண்டு இருக்கை கேட்கிறது.
எட்டு எழுத்து, ஒன்பது பைட்.
ஒன்பது இடமும் நிறைந்தபின்
சுழியம் வந்தது. உட்கார இடமில்லை.
சுவர் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போனது.
பக்கத்து அறையில் எடை.
அதன் முதல் இலக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்து
சொல் இங்கே முடிந்தது என்றது.

அவர் பெயரே அவர் எடையைத் தின்றுவிட்டது
என்று எழுத நினைத்தேன் அறிக்கையில்.
எண்ணியவள் நான்.
சோதனை முழுக்க
பார்ரியா என்ற என் பெயரைப் போட்டுத்தான் பார்த்திருந்தேன்.
அதிலும் கொம்பு முளைத்த எழுத்து ஒன்று உண்டு,
அதுவும் இரண்டு பைட்தான்.
சின்னப் பெயர். இடமிருந்தது. தப்பித்துக்கொண்டது.

9 இருந்த இடத்தில் 32 வைத்தேன்.
அதையும் மீறி வருவதை வாங்காதே என்று ஒரு வரி.
தராசின் சொந்த நினைவில் பழைய எடைகள் கிடந்தன,
நாற்பத்தேழு மூட்டை.
தொகுத்து ஒஸ்வால்தோவின் மேசையில் வைத்தேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்,
வெகுநேரம்.

காலையில் ரப்பர் உடை சொட்டச் சொட்ட
எரிபெர்த்தோ சீட்டை வாங்கினார்.
28.9.
"புள்ளிக்குப் பின்னாலும் எண் உண்டா?" என்றார்.
பிறகு, போகிற போக்கில்:
"திங்களிலிருந்து மகளும் இறங்குகிறாள்.
அவள் அம்மா பெயரையும் சேர்த்தே எழுதுவாள்,
ஞான்குலெஃப் முஞோஸ்."

மழையில் நின்றபடி விரல் விட்டேன்.
இரண்டு பெயரிலும் அலை.
நடுவே ஓர் இடைவெளி, அதுவும் ஓர் ஆள்.
பதினாறு.
சுழியத்துக்கு ஒன்று.
முப்பத்திரண்டில் வேண்டிய இடமிருந்தது.
இருந்தும்
இன்னொரு முறை எண்ணினேன்.